ஒரே இடத்தில் கூவிய சேவல்

பால் விடாத பிளேன்ரீக் கிளாசோடு தயாளினி கொமினிக்கேசனுக்குள் திரும்பி வந்தபோது அப்பா செத்துப்போயிருந்தார். அது அவளுக்கு உடனே தெரியவில்லை.

வவுனியா பஸ் நிலையத்துக்குப் பின்பக்கத்து ஒழுங்கையில் இருந்தது இளையதம்பியின் கொமினிக்கேசன், காசு கொடுத்துப் போன் கதைக்கிற கடை. ஒரு மேசை, பலகையால் அடைத்த இரண்டு கூடு, கூட்டுக்கு ஒரு கதிரை, ஒரு ரெலிபோன். அன்று கரண்ட் இல்லை. கடைக்குப் பின்னால் ஜெனரேற்றர் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கதைப்பதும் கேட்கவில்லை. உள்கூட்டில் அப்பா பொன்னையா சுவரில் தலையைச் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி இருந்தார். அந்த மனுசனுக்கு நித்திரை வர நேரகாலம் கிடையாது. பஸ்ஸில் தூங்குவார், பூசைக்கு நின்றால் தூணோடு சாய்ந்து தூங்குவார், பல்லுப் பிடுங்கப் போன இடத்திலும் தூங்கியவர். தொண்டை வறளுது, ஒரு ரீ வாங்கிக்கொண்டு வா பிள்ளை என்று அவளை அனுப்பிவிட்டு அதற்குள் ஒரு தூக்கம் போட்டுவிட்டார் என்று அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

"அப்பா, ரீ" என்றாள். இரண்டு காதும் மந்தமான ஆளிடம் வாயால் சொல்லி என்ன என்று தோளில் தட்டினாள்.

அந்த நேரம் பார்த்து ரெலிபோன் அடித்தது. தட்டிய தோள் சரிந்தது. முழுப் பாரத்தோடும் அவர் அவள் இடுப்பில் வந்து விழுந்தார். கண் பாதி திறந்திருந்தது. கிளாசிலிருந்த ரீ அவர் மடியில் கொட்டியது. சுடச்சுடக் கொட்டியும் அவர் அசையவில்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் போன் எங்கிருந்து வருகிறதென்று அவளுக்குத் தெரியும். எடுக்காவிட்டால் இன்னொரு முறை வர எத்தனை நாள் ஆகும் என்பதும் தெரியும். அவளுடைய கை அவளைக் கேட்காமலே போய் ரிசீவரை எடுத்தது.

"தங்கச்சி" என்றான் விஜிதரன். "அப்பா எங்கை? அப்பா எங்கை?"

அவ்வளவு தூரத்திலிருந்து வரும் குரல் இரண்டு தரம் கேட்பது வழக்கம்தான். எதிரொலி என்று நினைத்துக்கொண்டாள். அப்பாவின் தலை அவள் வயிற்றில் கிடந்தது. அவள் வாய் சொல்லியது:

"அப்பா வரேல்லை அண்ணா. இண்டைக்கு வயலுக்குத் தண்ணி திறக்கிற நாள். அவர் அங்கை நிண்டிட்டார்."

அந்தப் பக்கமிருந்து இரைச்சல் மட்டும் வந்தது, சோளகக் காற்று பனையோலைக்குள் புகுந்தமாதிரி.

"வரவே இல்லையோ?"

"இல்லை."

"சுகமா இருக்கிறாரோ?"

"சுகம் அண்ணா. நல்ல சுகம்."

"சரி" என்றான் அவன். அதோடு லைன் அறுந்தது.

ரிசீவரை வைத்த பிறகுதான் தயாளினி கத்தினாள். ஜெனரேற்றரை விட்டுவிட்டு ஓடிவந்த இளையதம்பி, வாசலில் நின்று அவளையும் பொன்னையாவையும் ரெலிபோனையும் மாறிமாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் சொல்லாமலே கிழவரைத் தூக்க ஓடிவந்தார்.

விஜிதரன் பூவரசங்குளத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, பேராதனையில் எஞ்சினியராகி, மேற்படிப்புக்கென்று அமெரிக்காவுக்குப் போனவன். போனவன் அங்கே சும்மா இருந்தானா? பூமிப்பந்தின் அடிநுனியில், தென் துருவத்தில், ஒரு வானொலித் தொலைநோக்கியை ஓட்டுகிற வேலைக்கு நானும் வாறேன் என்று கையை உயர்த்திவிட்டான். மாசியில் கடைசி பிளேன் அங்கிருந்து போனால் ஐப்பசி கழியும்வரை வேறு பிளேன் இல்லை. சூரியனும் இல்லை. ஆறு மாதம் ஒரே இரவு. ஐம்பது பேர்வரை உள்ளே கிடப்பார்கள். ஒருவருக்குப் பல்லுக் கொதித்தாலும் அங்கேயே கிடந்து முனக வேண்டியதுதான். இதைப் பொன்னையா ஊரில் பெருமையாகச் சொல்லப்போக, பொன்னையா அண்ணையின்ரை மோனுக்கு ஐஸ்பெட்டிக்குள்ளை வேலையாம் என்று பூவரசங்குளம் சந்தி முழுக்கச் சிரித்தது.

என்ன வேலை என்று தயாளினி அவனிடமே ஒருமுறை கேட்டாள். அவனுக்குச் சொல்லித்தர ஆசை. போன் லைனைத் தருகிற செய்மதி அடிவானத்துக்குக் கீழே இறங்குவதற்குள் சொல்லிமுடிக்க வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னான்.

"சூரியன், நட்சத்திரம் ஒண்டும் பிறக்காத காலத்திலை எங்கையும் ஒரே நெருப்பா இருந்தது தங்கச்சி. அது ஆறி ஆறி இப்ப ஒரு சொட்டுச் சூடுதான் மிச்சம். அடுப்பு நூந்தாப்பிறகு விடிய எழும்பிச் சாம்பலிலை கைவைச்சா ஒரு இளஞ்சூடு இருக்குமெல்லோ, அதுமாதிரி. வானத்திலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அது இருக்கு. அதைத்தான் அளக்கிறம்."

"அதுக்கு ஏன் அந்தக் குளிருக்குள்ளை போனனீ?"

"இங்கை காத்திலை ஈரம் இல்லை. ஈரம் இருந்தா அந்தச் சூடு எங்களிட்டை வந்து சேராது." பிறகு சிரித்தான். "கஷ்டம் என்னெண்டா, இந்த நிலமும் எங்கடை மெசினும் போடுற இரைச்சல் அந்தச் சூட்டை விடப் பெரிசு. அதாலை ஒரே நிலத்துக்கு மேலாலை வானத்தின்ரை வேறை வேறை துண்டுகளைப் பாப்பம். எல்லாத்திலையும் அச்சொட்டா ஒரேமாதிரி வந்தா அது வானம் இல்லை, எங்கடை குப்பை. ஒண்டிலையிருந்து ஒண்டைக் கழிச்சா குப்பை போயிடும். மிச்சம் நிக்கிறதுதான் உண்மையானது."

அவளுக்கு இது பாதிதான் விளங்கியது. அப்பாவுக்கு அந்தப் பாதியும் தேவைப்படவில்லை. அவருக்கு ரெலிபோன் என்றால் வாங்கிக் காதில் வைத்து, தான் சொல்ல வேண்டியதை உரத்துச் சொல்லி, மகளிடம் திருப்பிக் கொடுப்பது. மறுமுனை என்ன சொல்கிறது என்பது அவருக்குக் கேட்கவும் மாட்டாது. அதைப்பற்றி அவர் கவலைப்பட்டதும் இல்லை. சாப்பிட்டியோ, குளிருக்குக் காதைப் பொத்திக் கட்டு, திருநீறு முடிஞ்சுதெண்டால் எழுது. இவ்வளவுதான்.

அப்பா இறந்ததை ஏன் மறைத்தாள்? சவத்தைத் தாங்கிக்கொண்டு நின்றவள் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் காரணம் அவளுக்குள் ஏழு வருடமாக இருந்தது. அம்மா இலட்சுமி காய்ச்சலில் கண்ணை மூடியபோது விஜிதரன் பேராதனையில் இருந்தான். தந்தி கிடைத்து வெளிக்கிட்டவனை வழியில் சோதனையில் மறித்து, விசாரணை என்று ஒரு இரவும் பகலும் இருத்திவிட்டார்கள். அவன் வந்து சேர்ந்தபோது பெரியப்பாவின் மகன் கொள்ளி வைத்து, சாம்பலும் அள்ளி முடிந்திருந்தது. அவன் அழவில்லை, கதைக்கவில்லை, சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் குளத்துக்குள் இறங்கி நடந்துபோனான். வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் தலைமயிரைப் பிடித்து இழுத்தெடுத்தார்கள். அன்றைக்கு அப்பா அவளிடம் சொன்னார், இனி இப்பிடி ஒரு செய்தி அவன் தனிய இருக்கேக்கை போகக்கூடாது பிள்ளை.

இப்போது அவன் இருந்த இடத்தில் குளம் இல்லை. அது தேவையும் இல்லை. கோட்டைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனால் கொஞ்ச நேரத்தில் ஆள் கட்டையாகிவிடும் என்று அவனே ஒருநாள் பகிடியாகச் சொல்லியிருந்தான். அந்தப் பகிடி இப்போது அவள் நெஞ்சுக்குள் கல்லாகக் கிடந்தது. பிளேன் வரட்டும். பத்துப்பேர் நடுவில், விமானத்தில் ஏறப்போகிற நேரத்தில் சொல்லுவோம். அதுவரை அப்பா உயிரோடு இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் எடுத்த முடிவு.

செத்தவீட்டில் அடுத்த இடி விழுந்தது. கொள்ளி வைக்க ஆள் இல்லை. பெரியப்பாவின் மகன் மல்லாவியில், ஆமிக்கும் இயக்கத்துக்கும் நடுவில் கிழித்த கோட்டுக்கு அந்தப் பக்கம். அவனுக்குச் செய்தி போய், இரண்டு பக்கமும் பாஸ் எடுத்து அவன் வருவதற்குள் பிரேதம் தாங்காது. ஊருக்குள் இருந்த ஒரே உரித்தாளி சிற்றம்பலம். வாய்க்கால் தண்ணிச் சண்டையில் பொன்னையாவோடு பத்து வருடமாக முகம் பார்க்காத மனுசன். சாவு என்றதும் கோபத்தை மறந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். நல்ல மனம்தான். ஆனால் தயாளினிக்கு அப்பாவின் குரல் கேட்டது: அவன்ரை கையாலை எனக்குப் பச்சைத்தண்ணியும் வேண்டாம்.

"நான் வைக்கிறன்" என்றாள்.

முற்றத்தில் பறைச்சத்தம்கூட ஒரு நிமிடம் தடுமாறியதுபோல இருந்தது. பெண்கள் சுடலைக்குப் போகிற வழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது. ஒழுங்கை முகப்பில் நின்று மாரடித்து அழுதுவிட்டுத் திரும்பி வந்து வீடு கழுவுவதுதான் அவர்களுக்கு விதித்தது. கிரியைக்கு வந்த குருக்கள், "சாத்திரத்திலை இல்லையெண்டு நான் சொல்லேல்லை. வழக்கத்திலை இல்லை" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைப் போட்டுக்கொண்டார். அப்பாவின் தங்கை பத்மாசனி மாமிதான் குசினி வாசலில் நின்று நெஞ்சிலடித்தாள்.

"தாய்க்கும் அவனுக்குக் கிடைக்கேல்லை. தேப்பனுக்கும் ஒரு ஆம்பிளை உரித்தாளி வச்சால் அது முறை. நீ வச்சா அது அவன்ரை உரிமையை நீ பறிச்சதடி. வந்து உன்னட்டைக் கேப்பான். என்ன சொல்லப்போறாய்?"

தயாளினி போனாள். குடம் சுமந்து சுற்றியதுவரை பிழையில்லை. கொள்ளியைப் பிடரிப்பக்கமாக, சிதையைப் பார்க்காமல், பின்கையால் வைக்க வேண்டும். ஒரு ஆண்பிள்ளை இதைச் சின்ன வயதிலிருந்து நாலு சுடலையில் பார்த்திருப்பான். அவள் எங்கே பார்த்தாள்? கட்டையை நடுவில் பிடித்தாள். பின்னால் தடவினாள். திரும்பிப் பாராதை, திரும்பிப் பாராதை என்று ஆண்கள் கத்தினார்கள். கற்பூரம் பற்றி நெருப்பு கட்டையால் ஏறி வலது கையில் வந்தது. அவள் விடவில்லை. சிதை பிடித்தது என்று யாரோ சொன்ன பிறகுதான் விட்டாள்.

பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைத்துக் குடும்பம் நடத்துகிற கை அது. ஒரு மாதம் ஊசி பிடிக்க முடியவில்லை. விரல்களுக்கு நடுவில் தோல் உரிந்து, பிறகு இழுத்துக்கொண்டு ஆறியது. துணி தைக்கக் கொடுத்தவர்கள் வந்து, சட்டை எப்ப முடியும் என்றுதான் கேட்டார்கள். மற்றவர்கள், அண்ணனுக்கு என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டார்கள்.

அப்பா உயிரோடு இருக்க வேண்டுமே. அதற்கு வழி அலுமாரிக்குள் கிடந்தது. தை மாதத்தில் பொன்னையா மகனுக்கென்று ஒரு கசற் முழுக்கக் கதைத்துப் பதிந்திருந்தார். இரண்டு பக்கமும் நிரம்பாமல் அனுப்பமாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததில், துருவத்துக்குத் தபால் கொண்டுபோகிற கடைசி பிளேன் போய்விட்டது. வேலியோரம் கதிரை போட்டு, கசற் பதிகிற ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு அவர் கதைத்த அந்தக் குரல் அப்படியே இருந்தது. தம்பி, நான் அப்பா கதைக்கிறன். சாப்பிட்டியோ. மேட்டுக்காணியிலை மிளகாய்க் கண்டு நட்டிருக்கு.

அடுத்த முறை அவன் எடுத்தபோது தயாளினி ரேடியோவையும் கொண்டுபோயிருந்தாள். "அப்பா நிக்கிறார் அண்ணா, கதை" என்று சொல்லி, ரிசீவரை ரேடியோவின் வாயோடு வைத்து அமத்தினாள். கசற்றை ஓடவிடுகிற பட்டனை இரண்டு தரம் அமத்த வேண்டியிருந்தது. மறுமுனையில் அவன் என்ன சொல்கிறான் என்பது அவளுக்குக் கேட்கவில்லை. அப்பா கொஞ்ச நேரம் கதைத்ததும் நிறுத்தி, தான் காதில் வைத்துப் பார்த்தாள்.

"அப்பா" என்று கத்திக்கொண்டிருந்தான் விஜிதரன். "அப்பா. அப்பா." பிறகு சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். பின்னால் யாரோ வெள்ளைக்காரர் என்ன என்ன என்று அவனை விசாரிப்பதும் கேட்டது.

"என்னண்ணா?"

"ஒண்டுமில்லை. ஒண்டுமில்லை தங்கச்சி. அப்பா கதைச்சவர். கேட்டுது. நல்லாக் கேட்டுது."

இவ்வளவு சந்தோசமா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. பொய் பலித்துவிட்டது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பல நாளைக்குப் பிறகு நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

அதன்பிறகு கசற்றை அரிசிப்பானைபோல அளந்து அளந்து செலவழித்தாள். ஒரு முறைக்குக் கொஞ்சம். போட்ட இடம் திரும்பி வராமல் பார்த்துக்கொண்டாள். அவன் அப்பாவிடம் ஏதாவது கேட்டால், "அவருக்குக் கேக்கேல்லையண்ணா, உனக்குத் தெரியுந்தானே" என்றாள். அந்தப் பதில் ஒருநாளும் பொய்யாகப் படவில்லை. இளையதம்பி கண்டும் காணாதவர்போல முதுகைத் திருப்பிக்கொண்டு மேசையைத் துடைப்பார். ஒருநாள் மட்டும் காசு வாங்காமல் நின்று, "தங்கச்சி, அண்டைக்கு நீ ரீ வாங்கப் போனாப்பிறகு..." என்று தொடங்கினார்.

"அண்டைய கதை வேண்டாம் அண்ணை" என்றாள் தயாளினி. "என்னாலை ஏலாது." அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளும் அதை மறந்துபோனாள்.

ஆவணியில் கசற் முடிந்தது. வேறு வழியில்லாமல் முதலிலிருந்து போட்டாள். வருடம் முழுக்க ஒரே கதையைக் கதைக்கிற மனுசன்தானே, அவனுக்கென்ன தெரியவாபோகுது. விஜிதரன் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தான். அதற்குப் பிறகு வந்த அழைப்புகளில் அவன் அதிகம் கதைக்கவில்லை. ஆனால் எடுக்கத் தவறவும் இல்லை. ஒவ்வொரு முறையும், "அப்பாவைக் குடு" என்றான். அவளும் கொடுத்தாள். குரல் கொஞ்சம் அடைத்தமாதிரி இருந்ததை, அங்கத்தைய குளிர் என்று நினைத்தாள்.

புரட்டாதிக் கடைசியில், சூரியன் வந்திட்டுது என்றான். ஐப்பசி முடிகிற நேரம் ஒரு காலையில் எடுத்தான்.

"பிளேன் இறங்கீட்டுது தங்கச்சி. நாளைக்கு வெளிக்கிடுறன்."

அந்த நாளுக்காகத்தான் அவள் ஐந்து மாதமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரேடியோவை அன்று கொண்டுபோகவில்லை. கூட்டுக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். அப்பா இருந்த அதே கதிரையில் இருந்தாள்.

"அண்ணா, பக்கத்திலை ஆக்கள் நிக்கினமோ?"

"நிக்கினம்."

"இரு. இருந்துகொண்டு கேள். அப்பா..." அதற்குமேல் வரவில்லை. எத்தனை தரம் குசினியில் நின்று சொல்லிப் பழகிய வசனம் அது.

"தெரியும்" என்றான் விஜிதரன்.

தயாளினி கதிரையின் நுனிக்கு வந்தாள்.

"என்ன தெரியும்?"

"அப்பா செத்திட்டார். வைகாசியிலை. அந்தக் கடைக்குள்ளை, அந்தக் கதிரையிலை." அவன் குரல் ஆறுதலாக வந்தது. "நான்தான் அவரோடை கதைச்சுக்கொண்டிருந்தனான் தங்கச்சி."

அவன் சொல்லிக்கொண்டே போனான்.

"அண்டைக்கு நான் ரெண்டு தரம் எடுத்தனான். முதல்தரம் கடைக்கார அண்ணை எடுத்து அப்பாட்டைக் குடுத்தவர். நீ ரீ வாங்கப் போட்டாயெண்டு அப்பா சொன்னார். சாப்பிட்டியோ எண்டார். தம்பி, குளிருக்குக் காதைப்... எண்டார். பிறகு ஒண்டும் இல்லை. ஒரு மூச்சு பெரிசா வந்தது. ரிசீவர் எதிலையோ இடிபட்ட சத்தம். நான் கத்தினன். தொண்டை கிழியக் கத்தினன். அவருக்குக் கேக்காதுதானே. கன நேரத்தாலை ஆரோ போனை எடுத்து வச்சிட்டினம்."

இளையதம்பி அன்று வாயெடுத்தது அதைத்தான். ஜெனரேற்றரைப் பார்க்க ஓடியவர், தொங்கிய ரிசீவரைக் கண்டு, கிழவர் கதைத்துமுடித்துத் தூங்குகிறார் என்று எடுத்து வைத்திருக்கிறார்.

"உடனை திருப்பி எடுத்தன். நீ எடுத்தாய். அப்பா வயல்லை எண்டாய்."

"அண்ணா, நான் அண்டைக்கு..."

"பொறு. நான் அப்பவே விளங்கிக்கொண்டன், நீ ஏன் சொல்லேல்லையெண்டு. குளத்துக்குள்ளை நான் போனதை நீ மறக்கேல்லை. சரி, தங்கச்சி என்னைக் காப்பாத்துறாள், நானும் தெரியாதமாதிரி இருப்பம் எண்டு நினைச்சன். ஒரு மாதம் அப்பிடித்தான் இருந்தன். பிறகு நீ ஒருநாள், அப்பா நிக்கிறார், கதை எண்டாய். அப்பா கதைச்சார்."

தயாளினிக்கு அந்தச் சத்தம் ஞாபகம் வந்தது. அப்பா, அப்பா, அப்பா. சிரிப்பா அழுகையா என்று தெரியாத சத்தம்.

"நான் நம்பீட்டன் தங்கச்சி. மயங்கித்தான் விழுந்திருக்கிறார், ஆஸ்பத்திரியிலை இருந்து எழும்பீட்டார், என்னைப் பயப்படுத்தாமை இருக்கத்தான் வயல் எண்டு சொன்னனி எண்டு நம்பீட்டன். இங்கை எல்லாருக்கும் சொன்னன். ஒரு கிழவன் எனக்காகக் கேக் செய்தவன். ரெண்டு மாதம் எனக்கு அப்பா இருந்தார்."

"ஐயோ அண்ணா" என்றாள் அவள்.

"ஒருநாள் மிளகாய்க் கண்டு கதை சொல்லேக்கை பின்னாலை சேவல் கூவினது. நீ சூ எண்டு கலைச்சனி. நான் கவனிக்கேல்லை. ஆவணியிலை திரும்பவும் அதே கதை, அதே இடத்திலை சேவல், அதே இடத்திலை நீ சூ எண்டாய். கொமினிக்கேசனுக்குள்ளை ஏது தங்கச்சி சேவல்?"

எத்தனை தரம் அந்தக் கசற்றைக் கேட்டிருப்பாள். சேவல் கூவுவது அவள் காதில் ஏறவே இல்லை. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தத்தை யார் காதுகொடுத்துக் கேட்பார்கள்? அதற்குள் தன்னுடைய குரல் இருந்ததும் அவளுக்குத் தெரியாது.

"உன்னோடை கதைச்ச அழைப்பெல்லாம் நான் பதிஞ்சு வச்சிருந்தனான், அப்பான்ரை குரலெண்டு. ஒண்டிலையிருந்து ஒண்டைக் கழிச்சுப் பாத்தன். வேலையிலை செய்யிறமாதிரித்தான். அப்பா முழுக்கக் கழிபட்டுப் போனார். இரைச்சல் மட்டும் மிச்சம் நிண்டுது. அண்டைக்குத்தான் எனக்கு அப்பா ரெண்டாந்தரம் செத்தவர்."

அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவனைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, ஒருமுறை செத்த அப்பாவை எழுப்பிக் கொடுத்து, திரும்பவும் சாகடித்திருக்கிறாள். அவன் கதவைத் திறந்துகொண்டு போயிருந்தால், அவளால்தான் போயிருப்பான். இப்படியொரு பாவத்தை ஒருத்தி நல்லெண்ணத்தால் செய்ய முடியும் என்பதே அவளுக்கு நம்ப முடியாமல் இருந்தது.

"ஏனண்ணா பிறகும் அப்பாவைக் குடு, அப்பாவைக் குடு எண்டனீ?"

"நீ ஒவ்வொரு கிழமையும் பஸ் ஏறி வந்து அதைப் போடுறாய். போடவேண்டாமெண்டால் நீ என்ன செய்திருப்பாய்?"

லைனில் இரைச்சல் ஏறி இறங்கியது. செய்மதி இறங்கப்போகிறது. அவன் அவசரமாகக் கேட்டான்.

"தங்கச்சி, ஆர் கொள்ளி வைச்சது? மல்லாவி அண்ணை வந்தவரோ?"

வந்துவிட்டது. பத்மாசனி மாமி குசினி வாசலில் நின்று சொன்ன அதே கேள்வி. பொய் சொல்ல இனி அவளிடம் தெம்பு இல்லை.

"அவர் வரேல்லை. பாஸ் கிடைக்கேல்லை. நான்தான் அண்ணா வைச்சது. நான் சுடலைக்குப் போனனான்."

அவள் சொன்னது அங்கே போய்ச் சேரவும், பதில் திரும்பி வரவும் எப்போதும் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த நேரம் முடிந்தும் பதில் வரவில்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தாள். அவனுடைய மூச்சு கேட்டது.

"நீயோ?"

"ஓம்."

"பின்கையாலை வைக்கவேணுமே. ஆரும் காட்டித் தந்தவையோ?"

"ஒருத்தரும் காட்டேல்லை."

"கை சுட்டதோ?"

ஐந்து மாதமாக ஊரில் ஒருவரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. அவள் உட்பட.

"சுட்டது அண்ணா" என்றாள். "நல்லாச் சுட்டுப்போட்டுது."

"எந்தக் கை?"

அவன் இருப்பது உலகத்தின் அடிநுனியில் என்பதும், நடுவில் இருப்பது ஒரு கம்பியும் பலகைச் சுவரும் என்பதும் அந்த நேரம் அவளுக்கு மறந்துபோயிற்று. விரல்களுக்கு நடுவில் தோல் இழுபட்டுக் கிடந்த வலது கையை விரித்து, ரெலிபோனுக்கு முன்னால் பிடித்துக் காட்டினாள்.